வெளி நிறுவனத்திடம் கொடுத்த வேலையைக் கரை சேர்ப்பது எப்படி: ஒரு டர்பன் சங்கச் செயலாளருக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் கேட்டிருக்கும் கேள்வி இது. சங்கத்தின் அலமாரியில் 1920களிலிருந்து எழுதப்பட்ட கூட்டக் குறிப்பேடுகள், சந்தாப் பதிவேடுகள், மரண உதவி நிதிக் கணக்குகள் என்று முப்பத்தொரு ஏடுகள் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றுவதோடு, இன்றைய உறுப்பினர்களுக்கான ஒரு பதிவு மென்பொருளையும் செய்து தரும் வேலையைச் சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்திடம் கொடுக்க நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. மூன்று கொட்டேஷன்கள் வந்திருக்கின்றன. குழுவில் கணினித் துறையைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. எந்த விலையை ஏற்பது, ஏற்ற பிறகு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களிடம் எப்படி வேலை வாங்குவது என்று கேட்கிறார்.

டர்பன் துறைமுகத்தை ஒட்டி இயங்கும் சரக்கு நிறுவனங்களுக்காக, சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள நிறுவனங்களிடம் வேலை கொடுத்து வாங்குவதையே இருபது ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டிருக்கிறேன். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் சென்னையில், வேலையை எடுத்துச் செய்யும் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. இப்படிப்பட்ட வேலைகள் எடுத்துச் செய்பவர்களின் திறமைக் குறைவால் கெட்டுப்போவது அரிது. நமக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிகிற ஒரு செய்தி அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை என்பதை நாம் நினைத்துப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அங்கேதான் கெடுகிறது. ஆகவே விலையைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் உங்கள் ஏடுகளைத் திறந்து பார்ப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு சங்கத்தின் பதிவேடுகளைத் தட்டச்சு செய்து வாங்கும் பணியில் உதவியிருக்கிறேன். முதல் தொகுதி வந்ததும் எக்செல் கோப்பைத் திறந்த தலைவர், தம் குடும்பப் பெயரையே அதில் காணாமல் திகைத்தார். ஏட்டில் ‘கோவெண்டர்’ என்று ஆங்கில எழுத்தில் இருந்ததைச் சென்னையில் இருந்த பெண், அது கவுண்டர் என்பதன் பிழையான எழுத்து என்று எண்ணி, நல்ல மனத்தோடு திருத்தியிருந்தார். ‘மூட்லி’ முதலியார் ஆகியிருந்தார். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து டர்பனில் நின்ற நாள் முதல், ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடி எழுதினார்கள் என்பதும், அந்த எழுத்தே இன்று இங்குள்ள குடும்பங்களின் சட்டப்படியான பெயர் என்பதும், அண்ணன் தம்பிக்கே எழுத்து வேறுபடலாம் என்பதும், அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் இங்குள்ளவர்கள் தம் முன்னோரின் ஊரைத் தேடுகிறார்கள் என்பதும் அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? ‘எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே அடிக்கவும், எந்தப் பெயரையும் திருத்த வேண்டாம்’ என்ற ஒரு வரியை நாங்கள் கொடுக்கவில்லை. குறை எங்களுடையது.

அதே தொகுதியில் இன்னும் சில சிக்கல்கள் இருந்தன. 1930களின் தமிழ்ப் பக்கங்களில் வரிசை எண்கள் தமிழ் எண்களில் எழுதப்பட்டிருந்தன. ௧ என்பது ‘க’ போலவும், ௨ என்பது ‘உ’ போலவும், ௭ என்பது ‘எ’ போலவும், ௮ என்பது ‘அ’ போலவும் தோன்றும் அல்லவா? பன்னிரண்டாம் பதிவு ‘கஉ’ என்று வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னா, றா வடிவங்களை இருபத்திரண்டு வயது இளைஞர் எங்கே பார்த்திருப்பார்? கணக்கு ஏடுகளில் சிக்கல் வேறு விதமானது. இந்த நாட்டில் 1961 பிப்ரவரி 14 அன்றுதான் ரேண்ட் வந்தது. அதற்கு முன் பவுண்டு, ஷில்லிங், பென்ஸ். ஒரு பவுண்டு ஐந்து ஷில்லிங் ஆறு பென்ஸ் என்பதை அந்தக் காலக் கணக்கர் 1-5-6 என்று எழுதியிருக்க, அது 1906ஆம் ஆண்டு மே முதல் தேதியாகத் தட்டச்சாகியிருந்தது. இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு, பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், மாறும்போது ஒரு பவுண்டுக்கு இரண்டு ரேண்ட் என்று மூன்று வரி எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு மாத வேலை வீணாகியிருக்காது.

ஆகவே உங்கள் முதல் வேலை ஒப்பந்தம் எழுதுவதாக இருக்கக் கூடாது. முப்பத்தொரு ஏடுகளிலிருந்தும் பார்த்துப் பொறுக்கி ஒரு நாற்பது பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அழகான பக்கங்களை மட்டும் எடுத்துவிடாதீர்கள். மை பரவியது, கரையான் அரித்தது, பாதியில் தமிழ் நின்று ஆங்கிலம் தொடங்குவது, ஓரத்தில் பென்சிலால் ‘காலமானார்’ என்று எழுதியது எல்லாம் அதில் இருக்க வேண்டும். சங்கத்தில் மூத்த ஐயா ஒருவரையும் ஆயா ஒருவரையும் இரண்டு சனிக்கிழமைகள் உட்கார வைத்து, அந்த நாற்பது பக்கங்களையும் நீங்களே உங்கள் கையால் ஒரு கோப்பில் ஏற்றிப் பாருங்கள். அப்போது எழும் ஒவ்வொரு ஐயத்தையும், அதற்கு நீங்கள் கண்ட தீர்வையும் எழுதி வைத்தால், பத்துப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு தானாகவே உருவாகிவிடும். படிக்க முடியாத சொல்லுக்கு என்ன குறி போடுவது, அடித்துத் திருத்திய இடத்தில் எதை எடுப்பது, ஒரே ஆள் இரண்டு பெயரில் வந்தால் என்ன செய்வது என்பன போன்ற, எந்த நிறுவனத்தின் கொட்டேஷனிலும் இருக்க முடியாத முடிவுகள் அந்தக் கையேட்டில் இருக்கும்.

அசல் ஏடுகளை எக்காரணம் கொண்டும் வெளியே அனுப்பாதீர்கள். அவற்றை டர்பனிலேயே, சங்கக் கட்டடத்திலேயே, குறைந்தது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, படங்களை மட்டும் அனுப்புங்கள். தைத்த ஏட்டைத் தட்டையாக அழுத்தி ஸ்கேன் செய்தால் முதுகு முறியும். மேலிருந்து படம் எடுக்கும் கருவி வைத்திருப்பவரை வாடகைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்று நிறுவனங்களுக்கும் வருவோம். அந்த நாற்பது பக்கங்களையும் கையேட்டையும் மூவருக்கும் அனுப்பி, உரிய கூலியைக் கொடுத்து, சோதனையாகச் செய்து தரச் சொல்லுங்கள். இலவசமாகக் கேட்க வேண்டாம். இலவசமாகக் கேட்டால் தங்களிடம் உள்ள ஆகச் சிறந்த ஆளைக் கொண்டு ஒரே இரவில் செய்து காட்டுவார்கள், பிறகு உங்கள் வேலையைச் செய்யப்போகிறவர் அவராக இருக்கமாட்டார். உண்மையில் யார் செய்யப்போகிறார்களோ அவர்களே செய்ய வேண்டும் என்று கேளுங்கள். வந்ததை நீங்கள் கையால் ஏற்றிய கோப்போடு ஒப்பிடலாம். பிழைகளை மட்டும் எண்ணாதீர்கள், அவர்கள் கேட்ட கேள்விகளையும் எண்ணுங்கள். நாற்பது கரடுமுரடான பக்கங்களைச் செய்து முடிக்கையில் ஒரு கேள்வி கூடக் கேட்காத நிறுவனம், தனக்குத் தோன்றியதை அடித்திருக்கிறது என்று பொருள். ஐயம் கேட்டு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பித் தொல்லை தந்த நிறுவனம், கொட்டேஷனில் கால் பங்கு கூடுதலாக இருந்தாலும், நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

கொட்டேஷன்களில் ‘99 விழுக்காடு துல்லியம்’ என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அது எழுத்துக்கா, பதிவுக்கா என்று கேளுங்கள். ஒரு பதிவில் பெயர், தந்தை பெயர், முகவரி, தேதி, தொகை எல்லாம் சேர்த்து அறுபது எழுத்துகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு எழுத்தும் 99 விழுக்காடு சரி என்றால், அறுபதும் சரியாக இருக்கும் பதிவுகள் நூற்றுக்கு ஏறத்தாழ 55தான். மீதி 45 பதிவுகளில் எங்கோ ஒரு பிழை இருக்கும். 99.9 விழுக்காடு என்றால் நூற்றுக்கு ஆறு பதிவுகள் பிழையாகும். புள்ளிக்குப் பின் வரும் அந்த ஒன்பது உங்கள் வேலையின் விலையையே மாற்றிவிடும். பெயர், தேதி, உறுப்பினர் எண், தொகை ஆகியவற்றை இருவர் ஒருவர் செய்ததை ஒருவர் பார்க்காமல் தனித்தனியே அடித்து, இரண்டும் வேறுபடும் இடங்களை மட்டும் மூன்றாமவர் படத்தைப் பார்த்துத் தீர்க்கும் முறையைக் கேட்டு வாங்குங்கள். கூலி ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால், இதை எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டாம். கூட்டக் குறிப்பேடுகளை முழுவதும் தட்டச்சு செய்வதே தேவையில்லை என்பது என் கருத்து. படங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தேதி, வந்தவர் பெயர்கள், பேசிய பொருள் என்ற மூன்றை மட்டும் அட்டவணையாக்கினால் தேடுகிறவருக்குப் போதும். மிச்சமாகும் பணத்தைப் பெயர்களின் மேல் செலவிடுங்கள்.

ஏற்றுக்கொள்ளும் முறையையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஆயிரம் பதிவுகள் கொண்ட தொகுதி வந்ததும், குலுக்கல் முறையில் ஐம்பது பதிவுகளை எடுத்து, இரண்டு பேர் படத்தோடு ஒப்பிட வேண்டும். 99.9 விழுக்காடு தரமுள்ள தொகுதியில் ஐம்பதுக்கு மூன்று அளவில் பிழைப் பதிவுகள் வரலாம். ஐந்துக்கு மேல் போனால் முழுத் தொகுதியையும் திருப்பி அனுப்புவோம், அதைச் சரிசெய்ய வேறு கூலி கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால், பிறகு யாரும் யாரோடும் வாதாட வேண்டியதில்லை.

மென்பொருளுக்கும் இதே நெறிதான். சென்னையில் உறுப்பினர் படிவம் வரைகிறவர் இயல்பாக முதலில் ‘இனிஷியல்’ என்று ஒரு கட்டம் போடுவார், பிறகு பெயர். இங்கே ஒருவரைக் குடும்பப் பெயரைக் கொண்டுதான் தேடுவோம். மரண உதவி நிதியில் கணவர், மனைவி, பிள்ளைகள், கூட வாழும் பெற்றோர் எல்லாரும் ஒரே அட்டையில் வருவார்கள். அடையாள எண்ணுக்கு ஒரு திட்டத்தில் பன்னிரண்டு இலக்கக் கட்டம் வந்ததை நானே பார்த்தேன். ஆதார் எண் பன்னிரண்டு இலக்கம், அவர்கள் அதைக் கொண்டே சோதித்து, சரியாக வேலை செய்கிறது என்று சான்றும் அளித்திருந்தார்கள். தென்னாப்பிரிக்க அடையாள எண் பதின்மூன்று இலக்கம். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். கடைசி இலக்கம் முந்தையவற்றிலிருந்து கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு இலக்கம். இதைச் சொல்லிவிட்டால், தவறாக அடித்த எண்ணை மென்பொருளே அந்த இடத்தில் மறுக்கும்படி செய்வது அவர்களுக்கு அரை நாள் வேலை.

‘சரிபார்க்கவும்’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2011இல் ஒரு சரக்கு நிறுவனத்தின் வேலையில், கன்டெய்னர் எண்களைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் தொலைபேசியில் சொன்னேன். கன்டெய்னர் எண் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. ஏழாவது, சரிபார்ப்பு இலக்கம். அதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மொத்தம் பதினொன்று இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால் போதும் என்பது அவர்களுடைய புரிதல். இருவரும் மூன்று மாதம் ஒரே சொல்லை வேறு பொருளில் சொல்லிக்கொண்டிருந்தோம். தவறான எண்ணோடு பதிவான பெட்டிகளைத் தேடித் துறைமுகத்தில் இரண்டு இரவுகள் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து எந்த ஒரு விதியையும், ஏற்க வேண்டிய எடுத்துக்காட்டு ஒன்று, மறுக்க வேண்டிய எடுத்துக்காட்டு ஒன்று என்று இரண்டோடு சேர்த்துத்தான் எழுதுகிறேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

அடுத்தது ஆள். உங்கள் பக்கத்தில் ஒருவர், பெயர் குறிப்பிட்ட ஒருவர், அவர்களுடைய கேள்விகளுக்கு ஒரு வேலை நாளுக்குள் விடை சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். நாள்தோறும் ஒரு மணி நேரம் இதற்குப் போகும் என்று முதலிலேயே அவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். இது நிர்வாகக் குழுவின் வேலை என்று விட்டுவிட்டால், மாதம் ஒருமுறை கூடும் குழு விடை சொல்லும்வரை அங்கே இரண்டு தட்டச்சாளர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், ஊகித்து அடிப்பார்கள். கேள்விகளை வாட்ஸ்அப்பில் கரைய விடாமல், இருவரும் பார்க்கக்கூடிய ஒரு பொதுத் தாளில், கேள்வி, கேட்ட நாள், விடை, விடை சொன்னவர் என்று வரிசையாக எழுதி வையுங்கள். தமிழ் தெரியாத குழு உறுப்பினர்களும் உங்களிடம் இருப்பார்கள். விடைகளை ஆங்கிலத்திலும் ஒரு வரி எழுதினால், தமிழ் அறிந்த ஒருவரை மட்டும் நம்பி எல்லாம் நிற்கும் நிலை வராது. அந்த ஒருவர் நோய்வாய்ப்பட்டு ஆறு வாரம் ஒரு திட்டம் நின்றதைப் பார்த்த பிறகு இதைச் சொல்கிறேன்.

அவர்கள் பக்கத்தில் உங்களோடு பேசுகிறவர் ஒருங்கிணைப்பாளர். வேலை செய்கிறவர் அவர் அல்லர். வாரத்துக்கு ஒருமுறையாவது, தட்டச்சு செய்பவர்களும் மென்பொருள் எழுதுபவரும் கூட இருக்கும் கூட்டமாக வையுங்கள். அவர்களிடம் அந்த ஏடுகளின் கதையைச் சொல்லுங்கள். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் சேர்த்த காசில் எழுந்த சங்கம் என்பதை அறிந்த பிறகு, நான் பார்த்த ஒரு திட்டத்தில் தட்டச்சு செய்த ஒரு பெண், ஏட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களை, கேட்காமலே, தனிப் பட்டியலாகத் தொகுத்து அனுப்பினார். அதில் தம் பாட்டனார் ஊரைக் கண்ட ஒருவர் சங்கத்தின் நாற்காலியிலேயே அமர்ந்து அழுததை நான் மறக்கவில்லை.

நாமும் அவர்களும் தமிழில் பேசிக்கொள்வது பெரிய வசதி. ஆனால் அந்த வசதியே பல முறை என்னை ஏமாற வைத்திருக்கிறது. ‘பாத்துக்கலாம் சார்’ என்று அங்கிருந்து சொன்னால், நம் ஊர்க்காரர் சொல்லிவிட்டார் என்று இங்கே நிம்மதியாகிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்கு, செய்து முடித்துவிடுகிறோம் என்றும் பொருள் உண்டு, உங்கள் மனம் நோகாமல் இப்போதைக்குப் பேச்சை முடிக்கிறோம் என்றும் பொருள் உண்டு. சொல்கிறவருக்கே சில வேளை எது என்று தெரியாது. மரியாதைக்காக மறுக்காமல் இருப்பது நம் பழக்கம். அதைக் குற்றமாகக் கொள்ளாமல், யார் செய்வார், எந்த நாளில் முடியும், எந்தக் கோப்பில் பார்க்கலாம் என்று மூன்றையும் உடனே கேட்டு, அன்று மாலையே நீங்கள் புரிந்துகொண்டதை ஐந்து வரி மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். கெட்ட செய்தி சொன்னவரைக் கூட்டத்தில் கடிந்துகொள்ளாதீர்கள். ஒரு முறை கடிந்துகொண்டால், அடுத்த கெட்ட செய்தி உங்களிடம் கடைசி நாளில்தான் வரும்.

நேரத்தைப் பொறுத்தவரை நாம் பேறு பெற்றவர்கள். இரண்டு நாடுகளிலும் கோடைக்காலத்துக்கென்று கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆண்டு முழுவதும் மூன்றரை மணி நேர வேறுபாடுதான். இங்கே காலை 9 மணி என்றால் அங்கே பகல் 12.30, அங்கே மாலை 6.30 என்றால் இங்கே பிற்பகல் 3. கூட்டங்களை இங்கே காலை 10 மணிக்கு வைத்தால் அவர்கள் மதிய உணவு முடித்து வந்திருப்பார்கள். நாட்காட்டியில்தான் கவனம் வேண்டும். இங்கே டிசம்பர் 16 விடுமுறையோடு நாடே மூடிக்கொண்டு ஜனவரி முதல் வாரத்தில்தான் திறக்கும். நாம் திரும்பி வந்து ஒரு வாரம் ஆவதற்குள் அங்கே பொங்கல். ஆகவே டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி 20 வரை எந்தக் கெடுவும் வைக்காதீர்கள். ஈஸ்டரும் அதையொட்டி வரும் மாரியம்மன் கோவில் திருவிழாக்களும் உங்கள் ஆட்களை இழுத்துக்கொள்ளும். ஐப்பசியில் தீபாவளி அவர்களை இழுத்துக்கொள்ளும்.

ஒப்பந்தத்தில் நான்கைந்து இடங்களில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். முதலாவது, உரிமை. பணம் கொடுத்துவிட்டால் மென்பொருள் நம்முடையது என்று எண்ணுவது இயல்பு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். டர்பனில் பயன்படுத்த வாங்கிய மென்பொருளின் உரிமை இந்தியாவுக்குள் மட்டும் இருந்தால் என்ன பயன்? ஒரு ஆண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது அற்றுப்போகும் என்ற விதியும் அதிலேயே உண்டு. வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய. ஆகவே ‘உரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும்’ என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமை மாற்றத்துக்குக் கையொப்பமிட்ட எழுத்தைக் கேட்கிறது. இந்த ஒரு பத்திக்காகவாவது வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

இரண்டாவது, உறுப்பினர் விவரங்கள். இங்கே எல்லாரும் பொப்பியா என்று சொல்லும் 2013ஆம் ஆண்டின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அது உயிரோடு இருப்பவர்களின் விவரங்களைக் காக்கும் சட்டம். எனவே 1930இன் ஏடு பெரும்பாலும் அதற்குள் வராது, இன்றைய உறுப்பினர் பட்டியல் கட்டாயம் வரும். மதம், இனம் பற்றிய விவரங்களும் குழந்தைகளின் விவரங்களும் தனிக் கவனத்துக்கு உரியவை. வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு சங்கத்திடமே நிற்கும். அபராதம் ஒரு கோடி ரேண்ட் வரை போகலாம். வெளி நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், விவரம் வெளியே கசிந்ததாக ஐயம் எழுந்த உடனேயே அவர்கள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு இங்குள்ளதற்கு ஈடான பாதுகாப்பை உறுதிசெய்யும் சட்டமோ ஒப்பந்தமோ, அல்லது உறுப்பினரின் சம்மதம் போன்ற வேறு அடிப்படையோ வேண்டும். இவற்றைவிட எளிய காப்பு ஒன்று உண்டு: மென்பொருள் உருவாகும் காலத்தில் உண்மையான விவரங்களை அனுப்பவே வேண்டாம். கற்பனைப் பெயர்களும் விதிப்படி அமைந்த கற்பனை எண்களும் கொண்ட இருநூறு பேர் பட்டியலை நீங்களே செய்து கொடுங்கள்.

உங்கள் அனுமதியின்றி வேலையை வேறொருவரிடம் கைமாற்றக் கூடாது என்ற விதியும் வேண்டும். வீட்டில் இருந்தபடி தட்டச்சு செய்பவர்களிடம் பக்கங்கள் பிரிந்து போவது வழக்கம். அதைத் தடுக்க வேண்டியதில்லை, ஆனால் யாரிடம் போகிறது என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். டொமைன் பெயர் (இணைய முகவரி), சர்வர் கணக்கு (மென்பொருள் இயங்கும் கணினியின் கணக்கு), மென்பொருளின் மூல நிரல் (அதை எழுதிய கணினி வரிகள்) வைக்கும் இடம் ஆகிய மூன்றும் முதல் நாளிலிருந்தே சங்கத்தின் பெயரிலும், தனிநபர் அல்லாத ஒரு சங்க மின்னஞ்சல் முகவரியிலும் இருக்கட்டும். நிறுவனத்துக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டும் கொடுங்கள். நிறுவனமே தன் பெயரில் பதிவு செய்த டொமைனைத் திரும்பப் பெற ஒரு கோவில் அறக்கட்டளை ஏழு மாதம் அலைந்ததை நான் அறிவேன்.

பணம். முன்பணம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீதியை மாதக் கணக்கில் கொடுக்காமல், சோதித்து ஏற்றுக்கொண்ட தொகுதிகளின் கணக்கில் கொடுங்கள். கடைசி ஐந்தில் ஒரு பங்கை முழு ஒப்படைப்பு முடியும்வரை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்ற தொகுதிக்கு உரிய பணத்தை ஒரு நாள் கூடத் தாமதிக்காதீர்கள். பதினைந்து பேருக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் சிறு நிறுவனத்தில், காலத்தில் பணம் தரும் வாடிக்கையாளரின் வேலைதான் மேசையின் மேல் இருக்கும் என்பதை அந்தப் பக்கத்தில் இருந்தபோது கண்டிருக்கிறேன். ரேண்டின் மதிப்பு ஓராண்டுக்குள் மிகவும் ஏறி இறங்கும் என்பதால், விலை எந்த நாணயத்தில், மாற்று இழப்பு யாருடையது என்பதை எழுதுங்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி பில்லையும் பணத்தின் நோக்கத்தையும் கேட்கும். வெளிநாட்டிலிருந்து பெறும் சேவைக்கு 15 விழுக்காடு வாட் வரியைப் பெறுகிறவரே கட்ட வேண்டிய நிலையும் உண்டு. சங்கத்தின் கணக்கரிடம் கேட்டு, அதையும் சேர்த்து வரவு செலவுத் திட்டம் போடுங்கள்.

இடையில் வேலை தள்ளாடும். தொகுதிகள் ஒரு வாரம் பிந்தும், பிறகு இரண்டு வாரம். அப்போது கடிதத்தில் கோபத்தைக் காட்டுவதற்கு முன், கேள்வித் தாளைத் திறந்து, விடை தராமல் நீங்கள் வைத்திருக்கும் கேள்விகள் எத்தனை என்று பாருங்கள். பாதி வேளைகளில் காரணம் அங்கே இருக்கும். அங்கே இல்லையென்றால், அதே ஆட்கள்தான் வேலை செய்கிறார்களா என்று கேளுங்கள். பழகிய ஒருவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டிருப்பார், புதியவர் கையேட்டைப் படித்திருக்க மாட்டார். புதியவர் அதே நாற்பது பக்கங்களில் நான்கைச் செய்து காட்டிய பிறகே உங்கள் வேலையைத் தொட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். நடுவில் உங்கள் குழுவில் யாருக்காவது புதிதாக ஒன்று தோன்றும்: உறுப்பினர் அட்டையும் அச்சிடலாமே, நன்கொடை ரசீதும் வரலாமே என்பார்கள். நல்ல எண்ணந்தான். அதைத் தொலைபேசியில் சொல்லிவிடாமல், தனித் தாளில் எழுதி, என்ன கூலி, எத்தனை நாள் தள்ளும் என்று அவர்களிடம் கேட்டு, குழுவின் ஒப்புதலோடு சேருங்கள், அல்லது அடுத்த ஆண்டுக்கு வையுங்கள்.

ஒப்படைப்பு நாளில் ஒரு இணைய இணைப்பை மட்டும் பெற்றுக்கொண்டு கைகுலுக்கிவிடாதீர்கள். எல்லாத் தரவும் மென்பொருள் இல்லாமலே திறக்கக்கூடிய சாதாரண அட்டவணைக் கோப்புகளாகவும் வர வேண்டும். மூல நிரலும், அதை நிறுவும் முறையை எழுதிய குறிப்பும், எல்லாக் கடவுச்சொற்களும் வர வேண்டும். பிறகு, அந்த நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத ஒரு கணினி மாணவரை டர்பனிலேயே பிடித்து, அந்தக் குறிப்பை மட்டும் கையில் கொடுத்து, காலி கணினி ஒன்றில் மென்பொருளை நிறுவி, காப்புப் படியிலிருந்து தரவை ஏற்றச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுக்கி நிற்கிறாரோ அங்கே குறிப்பு குறையுடையது. அதை எழுதி வாங்குங்கள். அவர் யாரையும் அழைக்காமல் நிறுவி முடித்து, உங்கள் தலைவரின் பாட்டனார் பெயரை ஏட்டில் உள்ள எழுத்திலேயே தேடி, அந்தப் பக்கத்தின் படத்தைத் திரையில் கொண்டுவந்து காட்டும் நாளில், வைத்திருக்கும் கடைசித் தவணையை அனுப்புங்கள்.